கதவைப் பார்த்தோம், நிலையைப் பார்த்தோமா?

போன இதழில் முருங்கைக்கீரைப் பொடி பற்றி எழுதியதற்கு நிறையச் சகோதரிகள் கடிதம் போட்டிருந்தீர்கள். "பொடி கறுத்துப் போகிறதே, ஏன்?" என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான். வெயிலில் போடாதீர்கள், நிழலில் உலர்த்துங்கள். இந்தத் தடவை அடுப்பங்கரையை விட்டு வெளியே வந்து, கதவு நிலையைப் பற்றி எழுதப் போகிறேன். கதவில் எழுத என்ன இருக்கிறது என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். எங்கள் அத்தையின் உயிர் கொஞ்ச நேரம் அதில்தான் ஊசலாடியது.

அத்தை என்றால் என் அப்பாவுடன் பிறந்த மூத்தவர். பிள்ளை குட்டி கிடையாது. மாமா திண்டுக்கல் நாகல்நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறை வைத்திருந்தார். எரியோட்டில் பிறந்த நான் ஹைஸ்கூல் படிப்பை முடித்தது அவர்கள் வீட்டில் இருந்துதான். மாமா போன பிறகு அத்தை எங்களோடு எரியோட்டுக்கே வந்துவிட்டார். நாலு வருஷம் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகியும் எழுந்து நடமாட முடியவில்லை. என் கணவருக்கு மில்லில் ஷிப்டு வேலை. எனக்கோ முதுகுவலி. ஒரு ஆளைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைப்பது என்ன பாடு என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள் அத்தையே, "ஏடி, நீயும் படுத்துக்கிட்டா ரெண்டு பேரையும் யாரு பாக்குறது? என்னை எங்கயாச்சும் சேத்து விடு" என்றார். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள்தான் நடத்துகிறார்கள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அதையும் கேட்டுக்கொண்டேன். வாரம் இரண்டு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

2024 டிசம்பர் 12-ஆம் தேதி ராத்திரி திண்டுக்கல் திருச்சி ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் கார்த்திகை தீபம். அகல் விளக்குகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போகிற நேரத்தில் போன் வந்தது. ஒரு சின்னக் குழந்தையோடு சேர்த்து ஆறு பேர் இறந்துபோனார்கள். லிப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத்தான் வெளியே தூக்கி வந்தார்கள் என்று படித்தபோது நெஞ்சு அடைத்துக்கொண்டது. நெருப்பு அவர்களைத் தொடவேயில்லை. புகைதான் கொன்றது. எங்கள் ஊர்ப் பெயரிலேயே 'எரி' இருக்கிறது என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். அந்த வாரம் யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அத்தை இருக்கும் இல்லத்திலும் விழித்துக்கொண்டார்கள். தை மாதத்திலேயே எல்லா அறைக்கும் தீத்தடுப்புக் கதவு போட்டுவிட்டோம் என்று பெருமையாகக் காட்டினார்கள். கனமான கதவு. ஒரு மணி நேரம் தீ தாங்கும் என்று ஓரத்தில் சின்னத் தகடு அடித்திருந்தது. தானாகவே சாத்திக்கொள்ள மேலே டோர் குளோசர். நானும் தட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு வந்தேன். கதவை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், நிலை பழைய மர நிலையேதான் என்பது என் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது.

வைகாசியில் ஒரு ராத்திரி காற்றும் மழையும். கரண்டு போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் வைத்திருந்த அலமாரியில் வயர் பற்றிக்கொண்டது. பெரிய தீ இல்லை. காவல்காரரும் நர்சுப் பெண்ணும் தீயணைக்கும் சிலிண்டரை அடித்து அணைத்துவிட்டார்கள். ஆனால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகை நடைபாதை முழுக்க நிரம்பிவிட்டது. அத்தையின் அறை அந்த அலமாரிக்கு அடுத்தது. கதவு சாத்தித்தான் இருந்தது. இருந்தும் பத்தே நிமிஷத்தில் உள்ளே ஆள் முகம் தெரியாத புகை! ஆயாம்மா ஒருவர் ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே புகுந்து, அத்தையைப் போர்வையோடு தரையில் இழுத்துக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த அம்மாளுக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? அத்தை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனில் இருந்தார்.

விடியற்காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். ஆஸ்பத்திரியில் அத்தையைப் பார்த்துவிட்டு, துணிமணி எடுக்க இல்லத்துக்கு வந்தேன். அறை வாசலில் நின்றதும் ஒன்று கண்ணில் பட்டது. கதவு பளிச்சென்று அப்படியே இருக்கிறது. நிலைக்கும் சுவருக்கும் நடுவில் மட்டும் மேலிருந்து கீழ் வரை, குழந்தைக்குக் கண்மை தீட்டின மாதிரி ஒரு கறுப்புக் கோடு. புகை வந்த வழி அதுதான்! சுரண்டிப் பார்த்தால் பூச்சுக்குப் பின்னால் வெறும் இடைவெளி. நிலையின் அடிப்பக்கம் கரையான் அரித்து, விரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது.

ஆஸ்பத்திரியில் அத்தையிடம் இதைச் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "உங்க மாமா அப்பவே சொல்வாருடி. நான் ஏழு நெம்புகோல் பூட்டுப் பண்ணித் தாரேன், நிலை உளுத்துக் கெடந்தா திருடன் நிலையோட பேத்துட்டுப் போயிருவான், அப்புறம் பூட்டு மேல பழி போடாதேம்பாரு."

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமைதான். அந்தப் பூட்டுக்காரரே சொன்ன விஷயம் இது.

பாலிடெக்னிக்கில் கட்டடப் படிப்புப் படிக்கிற என் மகனை உட்கார வைத்துக் கேட்டேன். அவன் சொன்னதும், பிறகு வேலை நடந்தபோது நான் நின்று பார்த்ததும் சேர்த்து, எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

தீத்தடுப்புக் கதவு என்பது கதவு மட்டும் இல்லை. கதவு, நிலை, கீல், தாழ்ப்பாள், ஓரப் பட்டை எல்லாம் சேர்ந்து ஒரே பொருள். கம்பெனியில் இவற்றை ஒன்றாகப் பொருத்திப் பெரிய உலையில் வைத்துச் சோதிப்பார்கள். அரை மணி நேரத்தில் அந்த உலை 800 டிகிரியைத் தாண்டிவிடும். அதைத் தாங்கி நின்ற பிறகுதான் இது ஒரு மணி நேரக் கதவு, இரண்டு மணி நேரக் கதவு என்று பெயர். கதவை மட்டும் கழற்றி நம் வீட்டு உளுத்த நிலையில் மாட்டிவிட்டால் அந்தத் தகட்டில் எழுதியிருப்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. குக்கர் புதிதாக வாங்கிவிட்டு, பழைய குக்கரின் கேஸ்கெட்டைப் போட்டு விசில் வரவில்லை என்று உட்கார்ந்திருப்போமா?

மர நிலையே கூடாது என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல வைரம் பாய்ந்த கட்டை மெதுவாகத்தான் கரியாகும். முறைப்படி செய்த மரத் தீத்தடுப்பு நிலைகளும் உண்டு. எங்கள் இல்லத்தில் இருந்தது என்ன மரம் என்று ஆசாரிக்கே தெரியவில்லை.

நிலையின் ஓரத்தில் ஒரு பள்ளம் வெட்டி அதில் ஒரு பட்டை ஒட்டியிருப்பார்கள். சாதாரண நாளில் அது ரிப்பன் மாதிரி கிடக்கும். சூடு ஏறியதும், எண்ணெயில் போட்ட அப்பளம் போல உப்பிக்கொண்டு கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருக்கிற சந்தை அடைத்துவிடும். ஆனால் அது உப்புவதற்குச் சூடு வேண்டும். புகையோ சூடு வருவதற்கு முன்பே வந்துவிடும். அதனால் புகையைத் தடுக்கப் பிரஷ் மாதிரியோ ரப்பர் இதழ் மாதிரியோ இன்னொரு பட்டையும் கூட இருக்க வேண்டும். எங்கள் பழைய நிலையில் இரண்டும் கிடையாது. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் சந்து ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் இருக்கலாம். அதற்கு ஸ்கேல் தேட வேண்டாம். இரண்டு ஒரு ரூபாய்க் காசை ஒட்டி வைத்தால் கிட்டத்தட்ட அந்தக் கனம்தான். அத்தை அறைக் கதவில் என் சுண்டுவிரல் நுழைந்தது.

ஆனி மாதத்தில் இல்லத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். மொத்தம் 14 நிலை மாற்ற வேண்டும், செலவில் ஒரு பகுதியைக் குடும்பங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். முதலில் வந்த காண்ட்ராக்டர் மலிவாக ஒரு யோசனை சொன்னார். பழைய நிலையைப் பேர்க்க வேண்டாம், அதற்கு உள்பக்கமாகவே இரும்பு நிலையைப் பொருத்திவிடலாம், தூசி கிடையாது, பூச்சு வேலை கிடையாது என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிலைக்குள் நிலை வைத்தால் வாசல் இரண்டு பக்கமும் சேர்த்து நாலைந்து அங்குலம் குறுகிவிடும். சக்கர நாற்காலி நுழைந்தாலும் தள்ளுகிறவர் கை இடிக்கும். ஸ்ட்ரெச்சர் நுழையவே நுழையாது. கரையான் அரித்த கட்டை பின்னால் அப்படியே உட்கார்ந்திருக்கும். புகை வந்த அந்த இடைவெளியும் இருக்கும். பேர்த்துத்தான் வைக்க வேண்டும் என்று நாங்கள் சிலர் சொன்னோம்.

அப்போது பணக்கணக்குக்கு வந்தது பேச்சு. ஒரு குடும்பத்துக்காரர், "நான் தப்பாச் சொல்லல. இவங்கள்லாம் இன்னும் எத்தனை வருஷம் இருக்கப் போறாங்க? இவ்வளவு செலவு இப்ப அவசியமா?" என்றார். கூடம் அமைதியாகிவிட்டது. பின்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர், "தம்பி, நாங்க இங்கதான் உக்காந்திருக்கோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த மனிதரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, சகோதரிகளே. ஏனென்றால் பஸ்ஸில் வரும்போது நானும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். மகனுக்குக் காலேஜ் பீஸ், மகளுக்கு நகைச்சீட்டு, அதற்கு நடுவில் இதுவா என்று மனசு கூட்டிக் கழித்தது. டீச்சரம்மா பேசியதும் தலை குனிந்துவிட்டது. நகைச்சீட்டுப் பணத்தில் இரண்டு மாதம் தள்ளிப்போட்டு எங்கள் பங்கைக் கட்டினோம். என் மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவளை வளர்த்ததிலும் அத்தைக்குப் பங்கு உண்டு.

ஆவணியில் வேலை தொடங்கியது. நம் வீடுகளில் நிலை வைப்பது என்றால் நாள் பார்த்து, நேரம் பார்த்து, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து, மாவிலை கட்டி, சுமங்கலிகள் பால் ஊற்றி, ஆசாரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, அது ஒரு சின்னக் கல்யாணம்! அதற்குள்ள மரியாதை கதவுக்குக் கிடையாது. கதவைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார்கள். நம் பெரியவர்களுக்கு எது முக்கியம் என்று தெரிந்திருக்கிறது பாருங்கள். இல்லத்தில் இருந்த பாட்டிமார்களும் விடவில்லை. முதல் நிலை நிற்கும்போது ஒரு எலுமிச்சம்பழமாவது வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். வைத்தார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு நிலை என்று ஏற்பாடு. அன்றைக்கு அந்த அறைக்காரர்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றி, நடைபாதையில் ஈரச்சாக்கு தொங்கவிட்டுத் தூசியை மறித்தார்கள். இளைப்பு உள்ளவர்களை இரண்டு நாள் பின்கட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். கடப்பாரையால் பழைய நிலையைப் பேர்த்தபோது அடிக்கட்டை மாவாகக் கொட்டியது. புது நிலை இரும்புத் தகட்டை மடித்துச் செய்தது. உள்ளே கூடாக இருக்கும். அதைத் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்து நிறுத்தி, சுவருக்குள் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பட்டைகளை இறுக்கி, கூட்டுக்குள் சிமெண்டுக் கலவையை நிரப்புகிறார்கள். கலவை நிரப்பாத நிலை தீயில் சீக்கிரம் சூடேறி வளைந்துபோகும். வளைந்தால் கதவு எவ்வளவு நல்லதாக இருந்தும் சந்து விட்டுவிடும்.

நிலைக்கும் சுவருக்கும் நடுவில் மிஞ்சுகிற இடைவெளியில்தான் ஏமாற்று வேலை நடக்கிறது. ஒரு மேஸ்திரி டின்னில் இருந்து நுரை மாதிரி ஒன்றைப் பீய்ச்சினார். ஐந்தே நிமிஷத்தில் பொங்கி இறுகிவிட்டது. பார்க்க வெகு சுத்தம். என் மகன் அதில் ஒரு துண்டை வெட்டி, மண் தரையில் வைத்துத் தீக்குச்சி காட்டினான். குபுகுபுவென்று எரிந்து கறுப்புப் புகை விட்டது. மேஸ்திரியே பயந்துவிட்டார். அவர் பேரில் தப்பில்லை. கடையில் கொடுத்ததை வாங்கி வந்திருக்கிறார். தீ தாங்கும் வகை வேறு இருக்கிறதாம், அதற்கும் இன்ன அகலத்துக்குள் என்று அளவு உண்டாம். கடைசியில் ராக்வூல் என்கிற பஞ்சை இறுக்கி அடைத்து, மேலே தீ தாங்கும் பசையைப் பூசினார்கள். பஞ்சு என்றதும் எனக்குத் திக்கென்றது. வேடசந்தூர்ப் பக்கத்து மில்லுகளை நம்பிப் பிழைக்கிற நமக்குப் பஞ்சும் நெருப்பும் என்றால் கேட்க வேண்டுமா! ஆனால் இது பருத்தி இல்லை. கல்லை உருக்கி இழையாக இழுத்தது. தீக்குச்சி காட்டினால் சும்மா இருக்கிறது.

கதவுகளை அதே கம்பெனியில் வாங்கியிருந்ததால், அந்தக் கதவுக்கென்று சோதித்த நிலையையே வாங்கிப் பழைய கதவை மாட்ட முடிந்தது. வேறு கம்பெனி நிலை என்றால் கதவும் தண்டம்தான். ஒவ்வொரு கதவுக்கும் மூன்று கீல். ஒரு திருகு குறைந்தாலும் நர்சுப் பெண் கூப்பிட்டுக் காட்டுகிறாள்.

இத்தனையும் ஆன பிறகு ஒரு நாள் போனால், அத்தை அறைக் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. அடியில் ஒரு அம்மிக்குழவி முட்டுக் கொடுத்திருக்கிறது! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"என்ன அத்தே இது? இதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்?"

"கதவச் சாத்துனா ஒரு சத்தமும் கேக்க மாட்டேங்குதுடி தாயி. பொட்டிக்குள்ள வச்ச மாதிரி இருக்கு. செத்துக் கெடந்தாக்கூட எவளுக்குத் தெரியும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எட்டு மணிக்கு விளக்கணைத்தால் விடியும் வரை அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர் அவர். நான் எரியோட்டுக்கு வந்துவிடுவேன்.

ஆனால் திறந்த கதவு என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. ஸ்காட்லாந்து தேசத்தில் ரோஸ்பார்க் என்று ஒரு முதியோர் இல்லம். 2004 ஜனவரி 31-ஆம் தேதி விடியற்காலையில், நடைபாதை ஓரத்து அலமாரியில் இருந்த மின்சாரப் பெட்டியில் தீப்பிடித்தது. எங்கள் இல்லத்தில் நடந்த மாதிரியேதான். படுக்கையறைக் கதவுகள் பல திறந்தே இருந்தன. புகை நேரே உள்ளே போய் 14 முதியவர்கள் இறந்தார்கள். அங்கேயும் ஏதோ ஒரு பாட்டி, கதவைச் சாத்தாதே என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. இதை அத்தையிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பொறுப்பாளர் அம்மாவிடம் சொன்னேன்.

கொஞ்ச நாளில் ஒரு வழி பண்ணினார்கள். நடைபாதையின் பெரிய கதவுகளைச் சுவரில் காந்தம் பிடித்துக்கொள்ளும். புகை மணி அடித்தவுடன் காந்தம் விட்டுவிட, கதவு தானே சாத்திக்கொள்ளும். எல்லா அறைக்கும் அப்படி வைக்க வசதியில்லை. படுத்த படுக்கையாக இருக்கிற மூன்று பேர் அறைக்கு மட்டும், தீ தாங்கும் கண்ணாடி பதித்த கதவாக வாங்கினார்கள். கண்ணாடியைக் கம்பெனியிலேயே பதித்துத்தான் தர வேண்டும். வாங்கின கதவில் ஆசாரியை விட்டு ஓட்டை போட்டால் சோதனை செல்லாது. ஆள் நின்று பார்க்கிற உயரத்தில் இல்லாமல், படுத்திருப்பவர் கண்ணுக்கு எட்டுகிற மாதிரி தாழ்வாகக் கண்ணாடி வேண்டும் என்று அத்தைதான் கேட்டார். இப்போது ராத்திரி ஆயாம்மா நடமாடுகிற விளக்கு வெளிச்சம் கட்டிலில் இருந்தே தெரிகிறது. குழவி சமையல்கட்டுக்குப் போய்விட்டது.

இன்னொரு சங்கடம், கதவின் கனம். டோர் குளோசரை மிகவும் இறுக்கி வைத்தால் கைத்தடி ஊன்றி வருகிறவர்களால் தள்ள முடிவதில்லை. தளர்த்திவிட்டால் கதவு முழுசாகச் சாத்துவதில்லை, கடைசி ஒரு அங்குலத்தில் நின்றுவிடுகிறது. திருகாணியைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பி, டீச்சரம்மாவைத் தள்ளச் சொல்லிப் பார்த்துத்தான் சரி செய்தார்கள். வாசற்படியும் எடுத்தாயிற்று. நிலைப்படியில் லட்சுமி இருக்கிறாள், மிதிக்காதே, உட்காராதே என்று வளர்ந்தவர்கள் நாம். படி இல்லாத வாசலைப் பார்த்துப் பாட்டிமார்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சக்கரம் தடங்காமல் போகிறதே என்று சமாதானம் ஆனார்கள்.

ஆயுத பூஜைக்கு ஒரு பெண் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு நிலையில் தோரணம் அடிக்க வந்துவிட்டாள். அலறிக்கொண்டு ஓடினேன்! இந்த நிலையில் ஆணி அடிக்கக் கூடாது, பட்டையின் மேல் பெயிண்டும் அடிக்கக் கூடாது. தோரணத்தைச் சுவரில் இரண்டு பக்கமும் ஆணி அடித்துக் கயிற்றில் கட்டினோம். நிலையில் மஞ்சள் குங்குமப் பொட்டு மட்டும்.

பூட்டு விஷயம் ஒன்று இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு முன்பக்கக் கம்பிக் கதவுக்கு ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டைப் போட்டுச் சாவியைக் காவல்காரர் இடுப்பில் செருகிக்கொள்வார். அவர் டீ குடிக்கப் போய்விட்டால்? கேட்டால், ஞாபக மறதி உள்ளவர்கள் வெளியே போய்விடுவார்களே என்கிறார்கள். அதுவும் நியாயமான பயம்தான். ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை எரிந்து 28 பேர் செத்துப்போனதை நம் தலைமுறை மறக்க முடியுமா? சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. அவர்களையும் யாரோ ஒரு வீட்டார், பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். வெளியேறும் கதவு, உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்கும்படி இருக்க வேண்டும் என்று 2016-ஆம் வருஷத்துத் தேசியக் கட்டட விதித் தொகுப்பிலேயே இருக்கிறது. இப்போது எங்கள் இல்லத்தில் உள்ளிருந்து கையால் அமுக்கினால் திறக்கிற கம்பியும், திறந்தால் நர்சு மேஜையில் அடிக்கிற மணியும் வைத்திருக்கிறார்கள். அத்தையிடம் சொன்னேன். "மாமா இருந்தா வருத்தப்படுவாரு. பூட்டு யாவாரம் போச்சே" என்றார்.

நம் வீடுகளுக்கு இந்தக் கதவெல்லாம் வேண்டியதில்லை. ஆனால் கட்டின வீட்டில் ஒரு சாதாரண மரக்கதவைச் சாத்தி வைத்தாலே புகை உள்ளே வரச் சில நிமிஷம் ஆகும். கைக்குழந்தையைத் தூங்கப்போட்ட அறைக் கதவு முழுசாகச் சாத்துகிறதா, மழைக்கு உப்பிப்போய் நிலையில் இடிக்கிறதா என்று ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். வீட்டில் தீ என்றால் எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு, எரிகிற அறைக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். பூட்ட வேண்டாம். புகை மேலே மிதக்கும், தரையோரம்தான் மூச்சுக் காற்று, ஆகவே குனிந்தோ தவழ்ந்தோ போக வேண்டும். வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் கதவடிச் சந்தில் ஈரத் துணியைத் திணித்துவிட்டு ஜன்னலுக்கு வந்துவிடுங்கள். லிப்டுப் பக்கம் போகவே கூடாது. 101 அல்லது 112-க்குப் போன் செய்யலாம். ராத்திரி கம்பிக் கதவைப் பூட்டுகிறவர்கள் சாவியை எல்லாருக்கும் தெரிந்த ஒரே ஆணியில் மாட்டுங்கள். பீரோவுக்குள் வைத்தால் இருட்டில் யார் தேடுவது?

பெண்ணை ஹாஸ்டலில் சேர்க்கும்போது சாப்பாடு எப்படி, பாத்ரூம் எப்படி என்று கேட்கிறோமே, ராத்திரி வாசல் சாவி யாரிடம் என்றும் கேளுங்கள். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து, தீயணைக்கப் போன வீரர்கள் பலர் இறந்ததன் நினைவாகக் கொண்டாடுவது. பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் கேட்டுக்கொண்டால் வந்து செய்து காட்டுவார்கள்.

என் சுருக்குப்பையில் இப்போது இரண்டு ஒரு ரூபாய்க் காசு தனியாக முடிந்து வைத்திருக்கிறேன். எங்கே போனாலும் கதவுச் சந்தில் நுழைத்துப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. போன வாரம் சம்பந்தி வீட்டில் பார்க்கப் போய், என் கணவர் முறைத்தார்.

இல்லத்தில் 14 நிலையில் 13 மாற்றியாயிற்று. பாக்கி ஒன்று, மாடியில் கோடி அறை. அங்கே இப்போது ஆள் இல்லை, பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை போனபோது அந்த அறையில் ஒரு கட்டிலை விரித்துப் புதுப் போர்வை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ கரூரில் இருந்து வருகிறாராம். வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன். அந்த நிலை என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும்.